அங்கே மனிதருக்குப் பரம்பரை... இங்கே காளைக்குப் பரம்பரை! - ரோண்டா முதல் அலகுமலை வரை ஒரு வாடிவாசல் கதை

2016 ஜனவரி. ஸ்பெயினின் பிரபல காளைச்சண்டை வீரர் பிரான்சிஸ்கோ ரிவேரா ஓர்டோனியெஸ் சமூக வலைதளத்தில் ஒரு போட்டோவைப் பகிர்ந்தார். ஒரு கையில் காளையைச் சீண்டும் துணி. இன்னொரு கையில் பிறந்து சில மாதங்களே ஆன அவருடைய மகள். எதிரே கொம்பைத் தாழ்த்தி நிற்கும் இளம் மாடு. எங்கள் குடும்பத்தில் காளைக்கு முன்னால் நிற்கும் ஐந்தாவது தலைமுறை இவள் என்று பெருமையாகக் குறிப்பிட்டிருந்தார்.

ஸ்பெயின் முழுக்க சண்டை பற்றிக்கொண்டது. குழந்தையின் உயிரோடு விளையாடுவதா என்று ஒரு பக்கம் கொதித்தது. என் அப்பா என்னை இப்படித்தான் தூக்கிக்கொண்டு நின்றார், என் தாத்தாவும் அப்படித்தான் என்பது அவருடைய பதில். வேறு சில வீரர்களும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படங்களைப் போட்டு அவருக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கும் நம்மூர்க்காரர் யாருக்கும் ஒரு கேள்வி வரும். ஜல்லிக்கட்டு நடக்கும் நம் மண்ணில் இப்படி ஐந்து தலைமுறைக் குடும்பம் உண்டா?

உண்டு. ஆனால், வாடிவாசல் மைக்கில் குடும்பப் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் கம்பீரமாக அறிவிக்கப்படுவது பெரும்பாலும் காளைதான். அதைத் தழுவப் பாயும் இளைஞருக்கு அந்த நேரத்தில் இருக்கும் ஒரே அடையாளம், அவர் போட்டிருக்கும் பனியனில் அச்சடித்த நம்பர்!

பனியன் ஊருக்கும் வாடிவாசலுக்கும் என்ன சம்பந்தம்?

பொங்கலுக்கு இரண்டு, மூன்று நாள் முன்னால் திருப்பூரின் நெருப்பெரிச்சல், வாவிபாளையம், பூலுவப்பட்டி பக்கம் வந்து பாருங்கள். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக அமைதியாகும். தோளில் ஒரு பை, கையில் வீட்டுக்கு வாங்கிய துணிப் பார்சல் என்று ஒரு பெருங்கூட்டம் பேருந்து நிலையத்தை நோக்கி நகரும். மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை எனத் தெற்கே போகும் பேருந்துகளில் நிற்க இடம் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் உண்டு. ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஊரில் அண்ணனோ சித்தப்பாவோ வளர்க்கும் காளையை அவிழ்த்துவிடும்போது கூட நிற்கப் போகிறவர்கள் உண்டு. சத்தமில்லாமல் பெயர் பதிந்துவிட்டு, களத்தில் இறங்கப் போகிறவர்களும் உண்டு.

தெற்கே போகாதவர்களுக்கும் இப்போது இங்கேயே வாடிவாசல் இருக்கிறது. நெருப்பெரிச்சல் நகரின் வடக்கு முனை என்றால், தெற்கே பொங்கலூர் பக்கம் அலகுமலை. கொங்கு மண்டலத்தில் மாடு என்றாலே முன்பெல்லாம் ரேக்ளா பந்தயமும் காங்கேயம் மாட்டுச் சந்தையும்தான் நினைவுக்கு வரும். 2017-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அலகுமலையும், கோவையில் செட்டிபாளையமும் ஜல்லிக்கட்டு ஊர்களாகப் பேர் வாங்கிவிட்டன.

அதனால் 'வீரர் குடும்பம்' என்பது என்ன, அந்தப் பெருமைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மதுரைக்கு மட்டும் உரியதல்ல. நம் பக்கத்து வீட்டுக்கும் உரியது.

ரோண்டா குடும்பம்: ஒரு ரத்தக் கோடு

முதலில் அந்தப் போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தைப் பார்த்துவிடலாம்.

ஸ்பெயினின் தெற்கே, மலை உச்சியில் இருக்கும் சின்ன நகரம் ரோண்டா. 1785-ல் திறக்கப்பட்ட காளைச்சண்டை அரங்கம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஊரில் 1904-ல் பிறந்தவர் கயெட்டானோ ஓர்டோனியெஸ். 1920-களில் ஸ்பெயினே கொண்டாடிய வீரர். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1926-ல் எழுதிய 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' நாவலில் வரும் இளம் வீரர் பாத்திரத்துக்கு இவர்தான் முன்மாதிரி.

கயெட்டானோவின் ஐந்து மகன்களும் அப்பா வழியிலேயே அரங்கத்துக்குள் இறங்கினார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் அன்டோனியோ ஓர்டோனியெஸ். 1932-ல் பிறந்த அவர், 1951-ல் மாட்ரிட்டில் முழுநேர 'மட்டடோர்' ஆனார். நம் பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி அங்கே இதற்கும் ஒரு சடங்கு உண்டு. மூத்த வீரர் ஒருவர் தன் துணியையும் வாளையும் இளையவர் கையில் கொடுத்து, தன் முறையில் வரும் காளையை விட்டுக்கொடுப்பார்.

அன்டோனியோ கல்யாணம் செய்துகொண்டது இன்னொரு காளைச்சண்டைக் குடும்பத்துப் பெண்ணை. அவருடைய மைத்துனர் லூயிஸ் மிகெல் டொமிங்கின் அப்போது உச்ச நட்சத்திரம். 1959 கோடையில் மச்சான்கள் இருவரும் ஊர் ஊராகப் போட்டி போட்டார்கள். இருவருமே கொம்புக் குத்து வாங்கினார்கள். அதை நேரில் பார்த்த ஹெமிங்வே எழுதிய தொடர் 1960-ல் 'லைஃப்' இதழில் வந்தது. அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, 1985-ல் 'தி டேஞ்சரஸ் சம்மர்' என்ற புத்தகமானது.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். அன்டோனியோவின் மகள் கார்மென் கரம்பிடித்ததும் ஒரு வீரரைத்தான். 'பாக்கிர்ரி' என்று ரசிகர்கள் அழைத்த பிரான்சிஸ்கோ ரிவேரா. 1984 செப்டம்பர் 26, பொசோபிளாங்கோ என்ற சிறு நகரம். 'அவிஸ்பாடோ' என்ற காளை அவரைத் தொடையில் குத்தித் தூக்கியது. அரங்கத்தின் சிறிய மருத்துவ அறையில் ரத்தம் வழிய வழிய, பதற்றத்தில் இருந்த மருத்துவருக்கு அவரே தைரியம் சொல்லி, காயம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று விளக்கும் காட்சி வீடியோவில் பதிவாகியிருக்கிறது. கோர்டோபா நகரப் பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. வயது 36.

அன்று அதே அரங்கத்தில் அவரோடு ஆடிய இளம் வீரர் 'யியோ'. அடுத்த ஆண்டே, 1985 ஆகஸ்ட் 30-ல், வேறொரு ஊரில் காளை குத்தி அவரும் இறந்தார்.

பாக்கிர்ரி இறந்தபோது மூத்த மகன் பிரான்சிஸ்கோவுக்கு 10 வயது. இளையவன் கயெட்டானோவுக்கு 7. அப்பாவைக் காளை கொன்ற வீட்டில் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்றுதானே நினைப்போம்? மூத்தவர் 1995-ல் செவில்லில் அரங்கேறினார். இளையவர் 29 வயதில், 2006-ல், பூட்டனுடைய ஊரான ரோண்டாவிலேயே அரங்கேறினார். மூத்தவர் 2015-ல் வயிற்றில் பயங்கரமாகக் குத்து வாங்கி உயிர் பிழைத்தார். அதற்கு சில மாதங்கள் கழித்து அவர் பகிர்ந்ததுதான் மகளோடு நிற்கும் அந்தப் போட்டோ. 2017-ல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இந்தப் பரம்பரையில் யாரையெல்லாம் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? எல்லோரும் மனிதர்கள். ஓர்டோனியெஸ், டொமிங்கின், ரிவேரா என்று குடும்பப் பெயரே விளம்பரம். ஒப்பந்தம், மேனேஜர், உதவியாளர் குழு, சம்பளம் என்று முழுநேரத் தொழில் அது. காளையின் பெயர் வரலாற்றில் நிற்க வேண்டுமானால், பெரும்பாலும் அது ஒரு பெரிய வீரரைக் கொன்றிருக்க வேண்டும். அவிஸ்பாடோ அப்படித்தான் நின்றது.

15 நிமிடம் Vs சில நொடிகள்

ஸ்பெயின் காளைச்சண்டையையும் நம் ஜல்லிக்கட்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டிலும் காளை இருக்கிறது, மனிதன் இருக்கிறான், கொம்பு இருக்கிறது. மற்ற எல்லாம் வேறு.

அங்கே வழக்கமான ஒரு மாலை நிகழ்ச்சியில் மூன்று வீரர்கள், ஆறு காளைகள். ஆளுக்கு இரண்டு. ஒரு காளைக்கு சுமார் 15 முதல் 20 நிமிடம். குதிரையில் வருபவர் ஈட்டியால் குத்துவார். பிறகு முதுகில் கொக்கி முனைக் குச்சிகளைச் செருகுவார்கள். கடைசியில் மட்டடோர் வாளால் கொல்வார். அசாத்தியமாக ஆடிய காளையை அபூர்வமாக மன்னித்து அனுப்புவதும் உண்டு. ஆனால், நான்கு, ஐந்து வருடம் பெரிய மேய்ச்சல் பண்ணையில் வளரும் காளைக்கு அந்த அரங்கம் பெரும்பாலும் முதல் முறையும் கடைசி முறையும்.

இங்கே ஒரே நாளில் எட்டு நூறு, ஆயிரம் காளைகள் வரை வரிசையில் நிற்கும். வீரர்கள் சுற்றுச் சுற்றாக இறங்குவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறத்தில் பனியன், முதுகிலும் மார்பிலும் நம்பர். வாடிவாசல் வழியாகக் காளை பாயும்போது திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். வாலைப் பிடித்தாலோ, கொம்பைப் பிடித்தாலோ, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலோ கணக்கில் வராது. மூன்று துள்ளல் தாங்கினாலோ, குறித்த எல்லைக்கோடு வரை திமிலை விடாமல் போனாலோ வீரர் வெற்றி. இல்லாவிட்டால், "மாடு வெற்றி!" என்று மைக் அலறும். பரிசு மாட்டுக்காரருக்கு. எல்லாம் சில நொடிக் கதை.

ஆயுதம் கிடையாது. துணி கிடையாது. ஈட்டிக்காரர் கிடையாது. காளையும் உயிரோடு வீட்டுக்குப் போகும். அடுத்த ஊர், அடுத்த வருடம் என்று அதற்கு ஒரு 'கேரியர்' உண்டு. ஒருமுறை ஏமாற்றியவனை நினைவில் வைத்து அடுத்த முறை ஏமாறாத காளைகளைப் பற்றி மாட்டுக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

நம்பர் பனியனுக்குள் ஒரு நட்சத்திரம்

சரி, இங்கே மாடுபிடி வீரருக்கு 'கேரியர்' என்று ஒன்று உண்டா? கடந்த சில ஆண்டுகளில் ஒரு பெயரைப் பின்தொடர்ந்தால் பதில் கிடைக்கும். சிவகங்கை மாவட்டம் பூவந்தியைச் சேர்ந்த அபிசித்தர்.

2023 ஜனவரி 17, அலங்காநல்லூர். ஒரே நாளில் 26 காளைகளைப் பிடித்து முதலிடம். பரிசு கார். ஸ்பெயின் கணக்கில் ஒரு மட்டடோர் ஒரு மாலையில் இரண்டு காளையைச் சந்திக்கிறார் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

2024 ஜனவரி 17, அதே அலங்காநல்லூர். இந்த முறை 17 காளைகள். மதுரை கருப்பாயூரணியைச் சேர்ந்த கார்த்திக் 18 காளைகள். ஒரே ஒரு காளை வித்தியாசத்தில் கார் கார்த்திக்குப் போனது. 2022-லும் 21 காளைகளைப் பிடித்து அலங்காநல்லூரில் முதலிடம் பெற்றவர் கார்த்திக். எண்ணிக்கையில் தனக்கு உடன்பாடில்லை என்று அபிசித்தர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஒரு காளை மாநிலம் முழுக்கப் பேச்சானது.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 24. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் போட்டியிலேயே முதலிடம் அபிசித்தருக்கு. இந்த முறை ஜீப்.

2025 ஜனவரி 16, மறுபடி அலங்காநல்லூர். 20 காளைகள். மறுபடி முதலிடம், மறுபடி கார்.

எந்த விளையாட்டாக இருந்தாலும் இது ஒரு நட்சத்திரத்தின் பட்டியல்தான். ஸ்பெயினில் என்றால் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் வாசலில் நிற்கும். இங்கே ஜல்லிக்கட்டு சீசன் தை மாதம் உச்சம் தொட்டு, வெயில் ஏற ஏற அடங்கிவிடும். மாடு பிடிப்பதற்கு மாதச் சம்பளம் கிடையாது. மீதி மாதங்களில் வீரர் தன் பிழைப்பைப் பார்க்க வேண்டும். விவசாயம், கட்டட வேலை, டிரைவர் வேலை, கம்பெனி வேலை என்று எதுவாகவும் அது இருக்கலாம். ஜெயித்த வீரர்கள் மைக் கிடைக்கும்போதெல்லாம் அரசு வேலை கேட்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? காரைவிட அவர்களுக்குத் தேவை, பிடி தளர்ந்த பிறகும் வீட்டில் அடுப்பெரிய வைக்கும் ஒரு வேலை.

பரம்பரை தொழுவத்தில் இருக்கிறது

இனி காளையின் வீட்டுக்குப் போவோம். நம்மூரில் தலைமுறைக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பு நிறம். ஆறு மாதம் ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமில், கழுத்து, தொடை என்று கருமை ஏறும். மயிலை, காரி, செவலை என்று நிறத்தை வைத்தே பெயர். இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து, பெருக்கி, பேர் வாங்கவைத்தவர்கள் என்று கால்நடை வரலாறு குறிப்பிடுவது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தை. அதிலும் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் தனித்து நிற்கிறது. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி 2009-ல் தொடங்கிய சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இன்று இந்த இனத்தைக் காக்கும் வேலையைச் செய்கிறது. பழையகோட்டையில் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுத்தாவணியும், சித்திரையில் வெள்ளக்கோவில் பக்கம் கண்ணபுரத்தில் கூடும் சந்தையும் காங்கேயம் மாட்டுக்கென்றே பேர் பெற்றவை.

மாடு மட்டும் பரம்பரைச் சொத்து இல்லை. அது மேயும் காடும்தான். கொரங்காடு என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் மாட்டை வருடம் முழுக்க உயிரோடு வைக்கும் ஏற்பாடு இது. ஒரு கொரங்காடு சைட் போட்டு விற்கப்பட்டால், அதை நம்பி நின்ற மாட்டின் பரம்பரையும் அங்கேயே அறுந்துபோகும்.

மதுரை, சிவகங்கைப் பக்கம் ஜல்லிக்கட்டின் முதுகெலும்பு புலிக்குளம் மாடு. மந்தையாகக் கிடை போட்டு மேய்க்கப்படுவதால் கிடைமாடு என்றும் சொல்வார்கள். அந்தக் கிடையிலிருந்து கன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்து, வீட்டுப் பிள்ளையாக வளர்ப்பார்கள். நடைப்பயிற்சி, கண்மாயில் நீச்சல், மண்மேட்டைக் கொம்பால் குத்தும் பயிற்சி, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, பேரீச்சம்பழம் என்று ராஜ கவனிப்பு. இதையெல்லாம் பல வீடுகளில் செய்வது பெண்கள். ஊரையே விரட்டும் காளை, அந்த வீட்டு அம்மாவோ பள்ளிக்கூடம் போகும் மகளோ கயிற்றைப் பிடித்தால் நாய்க்குட்டி மாதிரி பின்னால் போகும் காட்சியை நீங்களே வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

களத்திலும் முதல் மரியாதை காளைக்குத்தான். முதலில் அவிழ்ப்பது கோயில் காளை. அதை யாரும் பிடிக்கமாட்டார்கள். 2025 அலங்காநல்லூரில் சிறந்த காளையாகத் தேர்வாகி டிராக்டர் வென்ற சேலத்துக் காளையின் பெயர் 'பாகுபலி'. முன்னாள் அமைச்சர் விஜயபாஸ்கரின் 'கொம்பன்' 2018-ல் புதுக்கோட்டை மாவட்டம் தென்னலூர் வாடிவாசல் கட்டையில் மோதி இறந்தபோது, ஊர் கூடி அழுதது. வயதாகி இறக்கும் காளைகளுக்கும் மாலை போட்டு, மேளம் கொட்டி, சொந்த நிலத்தில் அடக்கம் செய்கிற குடும்பங்கள் நிறைய.

அதாவது, ஸ்பெயினில் மனிதனுக்கு நடக்கும் அத்தனையும் இங்கே காளைக்கு நடக்கிறது. பெயர், புகழ், குடும்பம், வாரிசு, இறுதி ஊர்வலம்!

கொம்புக்கு எல்லோரும் ஒன்றுதான்

தமிழ் இலக்கியத்தில் வீரர் பரம்பரையைப் பற்றி மறக்க முடியாதபடி எழுதியவர் சி.சு.செல்லப்பா. 1959-ல் வெளிவந்த அவருடைய 'வாடிவாசல்' குறுநாவலில், பிச்சி என்ற இளைஞன் ஜமீன்தாரின் காரிக் காளையைத் தேடி வருகிறான். அவனுடைய அப்பா அம்புலியைக் குத்திக் கொன்ற காளை அது. மகன் காரியை அணைந்துவிடுகிறான். தோற்ற காளையைக் கடைசியில் ஜமீன்தாரே சுட்டுவிடுகிறார். அப்பாவின் மரணத்தை மகன் சுமந்து வருவதில் பாக்கிர்ரியின் பிள்ளைகளும் பிச்சியும் ஒரே சாதி.

கதையை விடுங்கள். 2023 பாலமேடு ஜல்லிக்கட்டில் ஓர் இளம் வீரர் 9 காளைகளைப் பிடித்து முன்னணியில் இருந்தார். அடுத்து வந்த காளையின் கொம்பு வயிற்றில் இறங்கியது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. 2025 பொங்கலன்று அவனியாபுரத்தில் இன்னொரு இளைஞர். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் பார்வையாளர்களும், மாட்டைப் பிடித்துக்கட்டப் போகும் உரிமையாளர்களும்கூட பல வருடங்களில் இறந்திருக்கிறார்கள்.

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. மையக் காரணம், காளைகள் மீதான வதை. 2017 ஜனவரியில் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து சட்டத்திருத்தமும் வந்தன. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. போட்டி இல்லாவிட்டால் நாட்டு இனக் காளைகளை யார் வளர்ப்பார்கள் என்பது ஒரு தரப்பின் கேள்வி. மிரண்டு ஓடும் விலங்கை விளையாட்டாக்கலாமா என்பது இன்னொரு தரப்பின் கேள்வி. தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன.

ஸ்பெயினிலும் இதே இழுபறிதான். கட்டலோனியா மாகாணம் 2010-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2016-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024-ல் காளைச்சண்டைக்கான தேசிய விருதைக் கலாசார அமைச்சகமே கைவிட்டது.

காளையின் வதை பற்றி இரு நாடுகளும் நிறையப் பேசிவிட்டன. பேச வேண்டிய அளவுக்குப் பேசப்படாதது, நம்பர் பனியன் போட்ட பையனின் வீடு.

ஊருக்குப் போகும் தம்பிகளுக்கு...

பாக்கிர்ரியின் மரணத்துக்குப் பிறகு ஸ்பெயினில் எழுந்த பெரிய கேள்வி வீரத்தைப் பற்றியதல்ல. அரங்கத்தில் ஏன் முறையான அறுவை சிகிச்சை வசதி இல்லை, மருத்துவமனை ஏன் அவ்வளவு தூரம் என்பதுதான். நாமும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

களத்தில் இறங்க நினைக்கிறீர்களா? முன்பதிவு, வயதுச் சான்று, உடல்தகுதிப் பரிசோதனை எல்லாம் உள்ள, அரசு அனுமதி பெற்ற போட்டியில் மட்டும் இறங்குங்கள். அனுமதி இல்லாமல் திடீரென்று காட்டுக்குள் அவிழ்த்துவிடும் இடங்களில் இரட்டைத் தடுப்பும் இருக்காது, ஆம்புலன்ஸும் இருக்காது. மருத்துவக் குழுவும், ஆம்புலன்ஸ் வெளியேற வழியும் இருக்கின்றனவா என்று இறங்கும் முன்னால் கண்ணால் பார்த்துவிடுங்கள். முந்தின இரவு முழுக்கப் பேருந்தில் நின்றபடி பயணம் செய்துவிட்டு, தூக்கமில்லாத உடம்போடு காலையில் வாடிவாசல் முன்னால் நிற்காதீர்கள். சில நொடி ஆட்டத்தில் அரை நொடி தாமதம் போதும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கான உதவித்தொகையும் உண்டு. ஆனால் நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையும், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் வேலை தொடர்பான விபத்துக்குத்தான். ஜல்லிக்கட்டுக் காயம் அதில் வராது. பீஸ் ரேட்டில், எந்தப் பதிவும் இல்லாமல் தைத்துக்கொண்டிருப்பவருக்கு இ.எஸ்.ஐ-யும் இல்லை. கை ஒடிந்தால் மெஷினில் உட்கார முடியாது. உட்கார முடியாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. வாடகை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும்.

தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பவர்கள், அது ஜல்லிக்கட்டில் ஏற்படும் காயத்துக்கும் பொருந்துமா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. போட்டி நடத்தும் கமிட்டியிடமும் இதைக் கேளுங்கள். கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. காளைக்குக் கால்நடை மருத்துவர் சான்று கேட்கும் அதே மேஜையில்தான் இதையும் கேட்கிறோம்.

காளை வளர்க்கும் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு ஒன்று இருக்கிறது. கன்றை எப்போது களத்துக்குக் கொண்டுபோகலாம், எப்போது நிறுத்த வேண்டும், அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வயதான காளையைக் களத்துக்கு அனுப்பாமல் தொழுவத்திலேயே வைத்துத் தீனி போடுகிறார்கள். அதைப் பிடிக்கப் பாயும் பையனுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவும், போதும் தம்பி, நிறுத்திக்கொள் என்று கையைப் பிடிக்கவும், நிறுத்திய பிறகு ஒரு வேலை கொடுக்கவும் யாராவது இருக்க வேண்டும்.

இந்தத் தையிலும் நெருப்பெரிச்சலில் இருந்து தெற்கே போகும் பேருந்துகளில் நம் பிள்ளைகள் ஏறுவார்கள். விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் நாளில், போன அத்தனை பேரும் இரண்டு கையோடும் இரண்டு காலோடும் மெஷின் முன்னால் வந்து உட்கார வேண்டும். காளை வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வீரரும் திரும்ப வேண்டும்.